ஒரே டெஸ்க்டாப், பன்னெண்டு பசங்க: லினக்ஸ்ல தனிக் கணக்கும் பொது ஃபோல்டரும் போட்ட அனுபவம்

தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க வீட்டு முன்கட்டுல சாயங்காலம் டியூஷன் எடுக்குறாங்க, எட்டாவதுலேருந்து பிளஸ் டூ வரைக்கும் பன்னெண்டு பசங்க வர்றாங்க, எல்லாருக்கும் சேர்த்து அங்க இருக்குறது ஒரே ஒரு டெஸ்க்டாப். லினக்ஸ் மின்ட் 22, 8 ஜிபி ராம், 240 ஜிபி எஸ்எஸ்டி, கூடவே யாரோ கொடுத்த பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். இதுவரைக்கும் எல்லாரும் ஒரே கணக்குலதான் உள்ள போவாங்க, பாஸ்வேர்டு கிடையாது, போதாததுக்கு அதுவேதான் அட்மின் கணக்கும். ஒருத்தன் ப்ராஜெக்ட் இன்னொருத்தன் கையால அழிஞ்சு போறது, ஒரு பொண்ணோட மெயில் லாக்அவுட் ஆகாம கிடந்து அடுத்தவங்க திறந்து படிக்கிறது, இதெல்லாம் அங்க வழக்கமா நடந்துட்டு இருந்துச்சு.

அக்கா கேட்டதை அவங்க வார்த்தையிலயே சொல்றேன். "தம்பி, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியா ஒரு இடம் வேணும், அடுத்த பிள்ளை எட்டிப் பாக்கக் கூடாது. நான் போடுற கேள்வித்தாளை எல்லாரும் பாக்கணும், யாரும் கை வைக்கக் கூடாது. சேர்ந்து ப்ராஜெக்ட் பண்றப்ப ஒருத்தர் பாதி பண்ணதை இன்னொருத்தர் திறந்து மீதியப் பண்ணணும்." பேசிட்டே இருக்கும்போது நாலாவதும் ஒண்ணு வந்துச்சு, எழுதி முடிச்ச விடையை அவங்ககிட்ட கொடுக்க ஒரு வழி, ஆனா ஒருத்தர் விடை இன்னொருத்தர் கண்ணுல படக் கூடாது.

இதுக்குன்னு புதுசா எந்த சாஃப்ட்வேரும் தேவையில்ல. 1970கள்ல யூனிக்ஸ் வளர்ந்ததே ஒரு மெஷின்ல பல பேர் உக்காந்து வேலை பாக்குறதுக்காகத்தான், அந்த ஏற்பாடு மொத்தமும் நம்ம டெஸ்க்டாப்ல இன்னிக்கும் அப்படியே இருக்கு.

அக்காவுக்கு ஏற்கனவே ஒருத்தர் யோசனை சொல்லியிருந்தார், பொது ஃபோல்டர் ஒண்ணு போட்டு அதுக்கு சிஹெச்மாட் 777 (சிஹெச்மாட்ன்றது பர்மிஷன் மாத்துற கமாண்ட், 777னா எல்லாருக்கும் எல்லா உரிமையும்) அடிச்சிடுங்க, எல்லாருக்கும் எல்லாம் வேலை செய்யும்னு. இத நான் ரொம்ப பலமா மறுக்கிறேன். 777 போட்டா யாரும் எதையும் அழிக்கலாம், இது முதல் விஷயம். ரெண்டாவது, நினைச்ச வேலை அதால நடக்கவும் நடக்காது, ஏன்னா அது அந்த நேரத்துல இருக்குற ஃபைல்களுக்கு மட்டும்தான், நாளைக்கு ஒரு பையன் புதுசா உருவாக்குற ஃபைல் அவனோட சொந்த குரூப்லதான் (குரூப்னா ஒரே உரிமையைப் பகிர்ந்துக்குற கணக்குகளோட கூட்டம்) விழும், அடுத்தவன் திறந்தா ரீட் ஒன்லினு வரும், மறுபடி 777 அடிக்கணும். இதையே ரூட்டா, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள கணக்குல, நின்னுக்கிட்டு மைனஸ் கேபிடல் ஆரோட (உள்ள இருக்குற எல்லாத்துக்கும் சேர்த்து) தப்பான இடத்துல அடிச்சா, யாரெல்லாம் சூடோ மூலமா ரூட் வேலை செய்யலாம்னு சொல்ற சூடோயர்ஸ் ஃபைலை எல்லாரும் எழுதலாம்னு ஆயிடும், அதைப் பாத்ததும் சூடோ வேலை செய்யவே மறுத்துடும், அப்புறம் ரெகவரி மோடுல போய்தான் சரி பண்ணணும்.

முதல் வேலை அந்த 500 ஜிபி டிஸ்க். அது என்டிஎஃப்எஸ்ல, அதாவது விண்டோஸோட ஃபைல்சிஸ்டத்துல, இருந்துச்சு. சாதாரணமா மவுன்ட் பண்ணா என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் ரெண்டுலயும் சிஹெச்மாட் அடிச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல, மவுன்ட் பண்ற நேரத்துல கொடுக்குற யூஐடி (கணக்கு நம்பர்), ஜிஐடி (குரூப் நம்பர்), யூமாஸ்க் (எந்தெந்த உரிமையைக் கழிக்கணும்ன்றது) தான் மொத்த டிஸ்க்குக்கும். ஆளுக்கு ஆள் பர்மிஷன் வேணும்னா இஎக்ஸ்டி4 மாதிரி லினக்ஸோட சொந்த ஃபைல்சிஸ்டம் ஒண்ணு வேணும். உள்ள இருந்ததை வேற இடத்துல காப்பி எடுத்துட்டு இஎக்ஸ்டி4 ஆக்கி, எஃப்எஸ்டேப்ல (பூட் ஆகுறப்ப எந்த டிஸ்க்கை எங்க மவுன்ட் பண்ணணும்னு சொல்ற ஃபைல்) டிஸ்க்கோட அடையாளமான யூயூஐடி போட்டு /எஸ்ஆர்வி ல மவுன்ட் பண்ணேன். பொது ஃபோல்டர்களை வேற டிஸ்க்ல வச்சதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, பின்னாடி வருது.

அடுத்தது கணக்குகள். மின்ட்ல யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ்னு விண்டோ இருக்கு, ஒண்ணு ரெண்டுன்னா அதுவே போதும். பன்னெண்டு கணக்குன்றதால டெர்மினல்லயே பண்ணேன். டெபியன் குடும்பத்துல அட்யூசர்னு ஒண்ணு, யூசர்ஆட்னு ஒண்ணு, ரெண்டும் வேற. யூசர்ஆட் அடிமட்டக் கருவி, மைனஸ் எம் கொடுக்கலன்னா ஹோம் ஃபோல்டர் கூட போடாது. அட்யூசர் பாஸ்வேர்டு கேட்டு, ஹோம் போட்டு, அந்த ஆள் பேர்லயே ஒரு குரூப்பும் போட்டுக் கொடுக்கும். டெஸ்க்டாப்புக்கு அட்யூசர்தான் சரி.

லாகின் பேரு ஆங்கிலச் சின்ன எழுத்துல இருக்கணும், முதல் எழுத்து நம்பரா இருக்கக் கூடாது. ஆனா முழுப்பேர்னு கேக்குற இடத்துல தமிழ்லயே போடலாம், லாகின் திரையில அதுதான் தெரியும். சின்ன பசங்க தன் பேரைத் தமிழ்ல பாத்துட்டு அதைத் தொட்டு உள்ள போறது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.

யூஐடி நம்பரை நானே கொடுத்தேன், 2001லேருந்து வரிசையா. சும்மா விட்டா 1001, 1002னு தானே போடும், ஒரே மெஷின்னா அதுவே போதும். ஆனா இஎக்ஸ்டி4 டிஸ்க்ல ஓனர் பேரு எழுதப்படறதில்ல, நம்பர்தான் எழுதப்படுது. நாளைக்கு இன்னொரு கம்ப்யூட்டர் வந்து, பேக்கப் டிஸ்க்கை அதுல சொருகும்போது 1003 அங்க வேற பிள்ளையா இருந்தா இவளோட ஃபைல் எல்லாம் அவனுக்குத் திறந்துடும். ஒரு காகிதத்துல பேரு, நம்பர் எழுதி அக்காவோட ரெஜிஸ்டர்ல ஒட்டியாச்சு.

ஹோம் ஃபோல்டர்ல ஒண்ணும் செய்ய வேண்டியிருக்கல. உபுண்டு 21.04லேருந்து புது ஹோமுக்கு 750 (ஓனருக்கு எல்லாம், குரூப்புக்குப் படிக்க நுழைய, மத்தவங்களுக்கு ஒண்ணுமில்ல) தான் போடுறாங்க, அதுக்கு முன்னாடி 755, அதாவது யார் வேணா உள்ள போய்ப் படிக்கலாம். மின்ட் 22 உபுண்டு 24.04 மேல நிக்கிறதால 750 தான் வந்துச்சு, எல்எஸ் மைனஸ் எல்டி அடிச்சு ஒவ்வொண்ணாப் பாத்துக்கிட்டேன். பழைய வெர்ஷன்லேருந்து அப்கிரேட் பண்ணிட்டே வந்த மெஷின்னா பழைய ஹோம் எல்லாம் 755 லயே இருக்கும், கையால மாத்தணும். அக்கா கேட்டாங்க, பசங்க ஹோம் ஃபோல்டரை நான் பாக்குற மாதிரி வைக்கலாமான்னு. வேண்டாம்னு சொன்னேன். ஒரு பிள்ளை எழுதிப் பழகுற கவிதையோ அரைகுறை ப்ரோகிராமோ யாரும் பாக்க மாட்டாங்கன்ற நம்பிக்கையிலதான் வளரும், நீங்க பாக்க வேண்டியதை அவங்களே கொண்டு வந்து கொடுக்க ஒரு வழி போடுறேன்னு சொன்னதும் உடனே ஒத்துக்கிட்டாங்க.

அட்மினைத் தனியா பிரிச்சேன். பழைய கணக்கு, அதான் யூஐடி 1000, அதுக்கு நல்ல பாஸ்வேர்டு போட்டு ஆட்டோ லாகினை எடுத்துட்டு, இனிமே அது அப்டேட் பண்ண மட்டும். அக்காவுக்கும் தினசரிக்கு ஒரு சாதாரணக் கணக்கு, டீச்சர்னு. அப்புறம் மாணவர்னு ஒரு குரூப், பன்னெண்டு பேரும் அதுல.

குரூப்ல சேர்க்குறப்ப பெரும்பாலும் யூசர்மாட் மைனஸ் ஏஜி னு சொல்லித் தருவாங்க. அதுல அந்த ஏ விட்டுப்போனா, இருக்குற மத்த குரூப் எல்லாத்துலேருந்தும் அந்த ஆளைத் தூக்கிட்டு இந்த ஒண்ணுல மட்டும் போட்டுடும். அட்மின் கணக்குக்கு இப்படி ஆனா சூடோ குரூப்லேருந்தே வெளிய வந்துடுவோம். டெபியன் குடும்பத்துல அட்யூசர்னு அடிச்சு ஆள் பேரு, குரூப் பேரு ரெண்டையும் கொடுத்தா பத்திரமா சேர்த்துடும், நான் அதைத்தான் பயன்படுத்துறேன். எடுக்கணும்னா ஜிபாஸ்வேர்டு மைனஸ் டி.

சேர்த்த உடனே வேலை செய்யாது, இதுல நிறைய பேர் குழம்புறாங்க. ஒரு ப்ராசஸ் எந்தெந்த குரூப்ல இருக்குன்றது லாகின் ஆகுற நேரத்துல முடிவாகி அதோட ஒட்டிக்கிட்டே போகும். ஐடி னு மட்டும் அடிச்சா இப்போ இந்த செஷனுக்கு என்ன குரூப்னு காட்டும், ஐடி அடிச்சு பேரும் கொடுத்தா ஃபைல்ல என்ன எழுதியிருக்குன்னு காட்டும். ரெண்டும் வேற வேறயா இருந்தா இன்னும் லாக்அவுட் பண்ணி வரலன்னு அர்த்தம். சில சமயம் லாக்அவுட் பண்ணாலும் சிஸ்டம்டியோட யூசர் மேனேஜர் பின்னாடி ஓடிட்டே இருந்து பழைய குரூப்பையே கொடுக்கும், அப்ப ரீபூட்தான்.

இப்போ ஃபோல்டர்கள். /எஸ்ஆர்வி கீழ மூணு போட்டேன், கேள்வி, ப்ராஜெக்ட், விடை. ஃபோல்டர் பேரு தமிழ்லயே இருக்கலாம், லினக்ஸுக்கு ஒரு பிரச்சனையும் இல்ல.

கேள்வி ஃபோல்டர் ஓனர் டீச்சர், குரூப் மாணவர், சிஹெச்மாட் 2750. முன்னாடி நிக்கிற 2 தான் செட்ஜிஐடி, ஃபோல்டர்ல அது இருந்தா உள்ள உருவாகுற ஃபைல் எல்லாம் ஃபோல்டரோட குரூப்பை எடுத்துக்கும். ஆனா இங்க ஒரு ஓட்டை இருக்கு. இந்த மெஷின்ல யூமாஸ்க் 002, அதனால அக்கா போடுற ஃபைல் 664 ஆ வரும், அதாவது மாணவர் குரூப் உள்ள எழுதலாம். ஃபோல்டர்ல எழுதும் உரிமை இல்லாததால பசங்களால ஃபைலை அழிக்க முடியாது, பேரு மாத்த முடியாது, ஆனா திறந்து உள்ள இருக்குற கேள்வியை மாத்தி சேவ் பண்ணிடலாம்! ஃபைலை அழிக்கிறது ஃபோல்டரோட உரிமையப் பொறுத்தது, உள்ள இருக்குறதை மாத்துறது ஃபைலோட உரிமையப் பொறுத்தது, இந்த ரெண்டும் தனித்தனின்னு மனசுல பதிஞ்சா லினக்ஸ் பர்மிஷன்ல பாதி தெளிஞ்சிடும். அதுக்கு டிஃபால்ட் ஏசிஎல் (உள்ள புதுசா உருவாகுற ஃபைலுக்கு யாருக்கு என்ன உரிமைன்னு ஃபோல்டர்லயே எழுதி வைக்கிறது) போட்டேன், செட்எஃப்ஏசிஎல் மைனஸ் டி மைனஸ் எம் ல குரூப்புக்கு படிக்க மட்டும். டிஃபால்ட் ஏசிஎல் இருக்குற ஃபோல்டர்ல யூமாஸ்க்கை கெர்னல் பாக்கவே பாக்காது, நாம சொன்னதுதான்.

ப்ராஜெக்ட் ஃபோல்டர்லதான் அதிக நேரம் போச்சு, ஏன்னா அங்கதான் எல்லாரும் எழுதணும். குரூப் மாணவர், செட்ஜிஐடி, கூட டிஃபால்ட் ஏசிஎல்ல குரூப்புக்கு ஆர் டபிள்யூ கேபிடல் எக்ஸ். அந்தக் கேபிடல் எக்ஸ் ஃபோல்டருக்கு மட்டும் உள்ள நுழையுற உரிமை கொடுக்கும், சாதாரண ஃபைலை எல்லாம் ப்ரோகிராம் மாதிரி ஆக்காது. இதுக்கு மேல ஸ்டிக்கி பிட் வைக்கலாமான்னு யோசிச்சேன், /டிஎம்பி ல இருக்கே அதேதான், அது இருந்தா ஃபைல் ஓனரோ ஃபோல்டர் ஓனரோ ரூட்டோ மட்டும்தான் அழிக்க முடியும். எல்லா இடத்துலயும் வச்சா ஒரு சிக்கல், நிறைய எடிட்டர்கள் சேவ் பண்றப்ப புது ஃபைல் ஒண்ணு எழுதி அதைப் பழைய பேருக்கு மாத்தும், பழைய ஃபைல் வேற பிள்ளையோடதுன்னா ஸ்டிக்கி பிட் அதைத் தடுத்துடும், சேர்ந்து வேலை செய்றது அங்கேயே நின்னுடும். அதனால மேல்மட்டத்துல மட்டும் வச்சேன், 3770. செட்ஜிஐடியும் டிஃபால்ட் ஏசிஎல்லும் உள்ள உருவாகுற சப் ஃபோல்டருக்கு இறங்கும், ஸ்டிக்கி பிட் இறங்காது. ஒரு டீம் போட்ட ஃபோல்டரை வேற டீம் அழிக்கவோ பேரு மாத்தவோ முடியாது, ஃபோல்டருக்குள்ள எல்லாரும் தாராளமா வேலை செய்யலாம். உள்ள போய் வேணும்னே ஒருத்தன் அழிச்சா அழியத்தான் செய்யும், அதுக்கு பேக்கப்தான் பதில்.

வேற டிஸ்க்ல வச்ச காரணம் இங்க வருது. ஒரே ஃபைல்சிஸ்டத்துக்குள்ள ஃபைலை இழுத்துப் போட்டா அது மூவ், மூவ்னா இருக்குற ஃபைல் அப்படியே இடம் மாறுது, பழைய குரூப், பழைய பர்மிஷன் எல்லாம் கூடவே வரும், செட்ஜிஐடி, டிஃபால்ட் ஏசிஎல் எதுவும் அதைத் தொடாது. காப்பின்னா புதுசா ஒரு ஃபைல் உருவாகுது, அப்பதான் எல்லாம் ஒட்டும். நீமோ ஃபைல் மேனேஜர்ல வேற டிஸ்க்குக்கு இழுத்தா தானாவே காப்பிதான் ஆகும், ஹோம் எஸ்எஸ்டிலயும் /எஸ்ஆர்வி ஹார்ட் டிஸ்க்லயும் இருக்குறதால பசங்க யோசிக்காம இழுத்துப் போட்டாலும் சரியா வருது. கட் பேஸ்ட் பண்ணா மட்டும் பழைய பர்மிஷனோட வர வாய்ப்பு இருக்கு, அதைப் பசங்ககிட்ட சொல்லியாச்சு. இன்னொண்ணு, மூல ஃபைல் 600 ல இருந்தா காப்பி பண்ணாலும் ஏசிஎல்லோட மாஸ்க், அதாவது உரிமையோட உச்ச வரம்பு, சுருங்கிடும். கெட்எஃப்ஏசிஎல் அடிச்சா வரிக்குப் பக்கத்துல எஃபெக்டிவ்னு போட்டு உண்மையில என்ன உரிமை இருக்குன்னு காட்டும். எல்லாம் சரியாத்தானே போட்டோம், ஏன் திறக்கலன்னு தோணுறப்ப முதல்ல பாக்க வேண்டிய இடம் அது.

லிப்ரே ஆஃபீஸ் திறந்திருக்கும்போது பக்கத்துல லாக் ஃபைல் ஒண்ணு போடும், ஒரு பிள்ளை லாக்அவுட் பண்ணாம யூசர் ஸ்விட்ச் மட்டும் பண்ணிட்டுப் போனா அடுத்த பிள்ளைக்கு இந்த ஃபைலை இன்னார் வச்சிருக்காங்கன்னு வரும். அது தப்பில்ல, நல்லதுதான். ராமும் மிச்சமாகணும்னு கிளம்புறப்ப லாக்அவுட் கட்டாயம்னு சுவத்துல எழுதி ஒட்டிட்டாங்க அக்கா.

விடை ஃபோல்டர் தபால் பெட்டி மாதிரி, போடலாம், உள்ள என்ன இருக்குன்னு பாக்க முடியாது. ஓனர் டீச்சர், குரூப் மாணவர், 1730. குரூப்புக்கு 3, அதாவது எழுதலாம், நுழையலாம், பட்டியல் பாக்க முடியாது. இங்க செட்ஜிஐடி வைக்கவே கூடாது, வச்சா விடை எல்லாம் மாணவர் குரூப்ல விழுந்து பேரைக் கணிச்சு யாராவது திறந்துடலாம். டிஃபால்ட் ஏசிஎல்ல டீச்சர் கணக்குக்குப் படிக்க எழுத, குரூப்புக்கும் மத்தவங்களுக்கும் ஒண்ணுமில்ல. ஆனா பட்டியல் பாக்க முடியாத ஃபோல்டரை ஃபைல் மேனேஜர்ல திறந்தா அனுமதி இல்லன்னுதான் வரும், எட்டாவது படிக்கிற பிள்ளை அதைப் பாத்துட்டு திகைச்சு நிக்கும். அதுக்கு நீமோ ஆக்ஷன் எழுதினேன், ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணா 'டீச்சருக்கு அனுப்பு'ன்னு வரும். பின்னாடி நாலு வரி ஸ்கிரிப்ட், பிள்ளையோட லாகின் பேரு, தேதி, மணி எல்லாம் முன்னாடி சேர்த்து அந்த ஃபோல்டர்ல காப்பி பண்ணி, அந்தக் காப்பிக்கு சிஹெச்மாட் 0660 அடிக்கும். பேரு சேர்க்கலன்னா ரெண்டு பேரும் கணக்கு விடைன்னு ஒரே பேர்ல அனுப்பி ரெண்டாவது போகாம நிக்கும். 0660 னு கட்டாயமாக் கொடுத்தா முன்ன சொன்ன அந்த மாஸ்க் சிக்கலும் வராது.

பாஸ்வேர்டு மறக்குறது பசங்ககிட்ட சகஜம். அதுக்கு ஒவ்வொரு தடவையும் அட்மின் கணக்கு தேவைப்படக் கூடாது. சூடோயர்ஸ்ல டீச்சருக்கு பாஸ்வேர்டு கமாண்டை நேரடியாத் திறந்து விட்டா ரூட் பாஸ்வேர்டையே மாத்தலாம்னு ஆயிடும், ஸ்டார் போட்டுக் கட்டுப்படுத்தறதும் நம்பகமில்ல. அதனால /யூஎஸ்ஆர்/லோக்கல்/எஸ்பின் ல ரூட் ஓனரா ஒரு ஸ்கிரிப்ட், கொடுத்த பேரு மாணவர் குரூப்ல இருக்கான்னு பாக்கும், இருந்தா மட்டும் மாத்தும். சூடோயர்ஸ் டாட் டி ல அந்த ஒரே ஸ்கிரிப்டுக்கு மட்டும் டீச்சருக்கு அனுமதி. வைசூடோ மைனஸ் எஃப் வழியாத்தான் எழுதணும், எழுத்துப் பிழை இருந்தா சேவ் பண்ணுறப்பவே சொல்லிடும். அந்த டைரக்டரில ஃபைல் பேர்ல புள்ளி இருந்தா சூடோ அதைப் படிக்காமலே தாண்டிப் போயிடும், இது தெரியாம மணிக்கணக்கா தேடுறவங்க உண்டு. பாஸ்வேர்டை இப்படி வெளியிலேருந்து மாத்தினதும் அந்தப் பிள்ளைக்கு லாகின் கீரிங் திறக்கலன்னு ஒரு பெட்டி வரும், ஏன்னா கீரிங் இன்னும் பழைய பாஸ்வேர்டுலதான் பூட்டியிருக்கு. பழசு ஞாபகமே இல்லன்னா ஹோமுக்குள்ள இருக்குற அந்த கீரிங் ஃபைலை அழிக்கிறது தவிர வழியில்ல, அதுக்குள்ள சேவ் பண்ணி வச்ச பாஸ்வேர்டுகளும் போயிடும்.

பிளஸ் ஒன் பசங்க ஆர்டுயினோன்ற குட்டி எலக்ட்ரானிக் போர்டு வச்சிருக்காங்க, தனிக் கணக்குக்கு மாறினதும் போர்டுக்கு அப்லோட் ஆகல, பர்மிஷன் டினைட்னு வந்துச்சு. சீரியல் போர்ட் டயல்அவுட்ன்ற குரூப்போடது, பழைய மோடம் காலத்துப் பேரு. ஆர்ச் லினக்ஸ்ல இதே விஷயத்துக்கு யூயூசிபி. ஆர்டுயினோ தொடுறவங்களை மட்டும் அதுல சேர்த்து ரீலாகின், முடிஞ்சுது. ஒரு பையன் டாக்கர் (ப்ரோகிராமைக் கன்டெய்னர்ன்ற தனிப் பெட்டிக்குள்ள ஓட்டுற கருவி) குரூப்ல சேர்க்கச் சொன்னான், முடியாதுன்னு சொல்லி காரணமும் விளக்கினேன், அந்த குரூப்ல இருக்குறவன் மொத்த டிஸ்க்கையும் ஒரு கன்டெய்னருக்குள்ள மவுன்ட் பண்ணி எதை வேணா படிக்கலாம், எழுதலாம், ரூட் கொடுத்ததுக்குச் சமம். பாட்மேன் போட்டுக் கொடுத்தேன், அது சாதாரணக் கணக்குலயே ஓடும், அவனுக்கு வேண்டிய எல்லாம் அதுலயே நடக்குது.

பேக்கப்ல கவனிக்க வேண்டியது, டைம்ஷிஃப்ட் சிஸ்டம் ஃபைலுக்கானது, பசங்க வேலையை அது காப்பாத்தாது. வெளி டிஸ்க்குக்கு ஆர்சிங்க்ன்ற காப்பி எடுக்குற கருவி போட்டிருக்கேன், மைனஸ் ஏ மட்டும் கொடுத்தா ஏசிஎல் வராது, கேபிடல் ஏயும் சேர்க்கணும், வெளி டிஸ்க்கும் இஎக்ஸ்டி4 ஆ இருக்கணும்.

பிளஸ் டூ முடிச்சுப் போற பிள்ளை கணக்கை உடனே அழிக்க வேண்டாம்னு அக்காகிட்ட சொல்லியிருக்கேன். சேஜ் மைனஸ் கேபிடல் இ 0 அடிச்சா கணக்கு காலாவதி ஆகிடும், யாரும் உள்ள போக முடியாது, ஃபைல் அப்படியே இருக்கும். பாஸ்வேர்டை மட்டும் லாக் பண்ணா எஸ்எஸ்ஹெச் கீ வழி திறந்தே இருக்கும், அதனால இதுதான் முழுசு. பிள்ளை பென் டிரைவ் கொண்டு வந்து எல்லாம் எடுத்துட்டுப் போனதுக்கு அப்புறம் டெல்யூசர். அழிச்ச பிறகு ஃபைண்ட் மைனஸ் நோயூசர் ஓட்டி, ப்ராஜெக்ட் ஃபோல்டர்ல ஓனர் இல்லாம வெறும் நம்பரா நிக்கிற ஃபைல்களை டீச்சர் பேருக்கு மாத்திடணும், இல்லன்னா அதே நம்பர் புதுப் பிள்ளைக்குப் போறப்ப அதெல்லாம் அவங்களோடது ஆயிடும். அந்த ரெஜிஸ்டர் காகிதத்துல ஒரு தடவை கொடுத்த நம்பரை திரும்பக் கொடுக்க மாட்டோம்னும் எழுதி வச்சிருக்கோம்.

கடைசியா போட்டது கோட்டா, அதாவது ஆளுக்கு இவ்வளவு இடம்தான்னு ஒரு வரம்பு. வீடியோ இறக்கி ஒரே பிள்ளை எஸ்எஸ்டி முழுக்க நிரப்பிட்டா மத்த யாரும் லாகின் கூட ஆக முடியாது. எஃப்எஸ்டேப்ல யூஎஸ்ஆர்கோட்டா சேர்த்து, ஆளுக்கு சாஃப்ட் 6 ஜிபி, ஹார்ட் 8 ஜிபி, சாஃப்ட் தாண்டினா 7 நாள் அவகாசம், அது டிஃபால்ட்டாவே வர்றதுதான். ஒரு பிள்ளைக்கு சரியா போட்டுட்டு எட்கோட்டா மைனஸ் பி ல மத்தவங்களுக்கு அப்படியே காப்பி பண்ணிடலாம். அக்கா டெஸ்க்டாப்ல 'யாரு எவ்வளவு'ன்னு ஒரு ஐகான் இருக்கு, தொட்டா ரெப்கோட்டா ஓடி பட்டியல் காட்டும், அதுக்கும் சூடோயர்ஸ் டாட் டி ல தனியா ஒரு வரி.